அயிரைக்கு மணல்

மீன் தொட்டிக்கு எவ்வளவு மணல் வேண்டும் என்பதற்கு எளிமையான கணக்கு ஒன்று உண்டு. தொட்டியின் நீளம், அகலம், மணல் நிற்க வேண்டிய உயரம், மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வரும். காய்ந்த மணல் ஒரு லிட்டர் ஒன்றரை முதல் 1.6 கிலோ வரை எடை இருக்கும். எங்கள் தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். மணல் 6 சென்டிமீட்டர் நிற்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். 90 × 45 × 6. ஆயிரத்தால் வகுத்தால் 24.3 லிட்டர். எடையில் 39 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"கன அடில எம்புட்டு வருது?" என்றார் அப்பா.

போட்டுப் பார்த்தேன். 0.86.

"ஒரு அடிகூட இல்ல" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுடைய மணல் வேறு. அது யூனிட்டில் வரும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. ஒரு லோடு மூன்று யூனிட். அப்பா 1994-லிருந்து மணல் லாரி ஓட்டினார். நான் படித்தது, என் பல்லுக்குக் கம்பி கட்டியது, அம்மா மஞ்சள் கயிற்றிலிருந்து சங்கிலிக்கு மாறியது, எல்லாமே வைகை மணல். ஒரு லோடில் எங்கள் தொட்டியைப் போல 350 தொட்டிகளுக்கு மணல் போடலாம். இந்தக் கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை.

தொட்டி என் மகனுக்காக. அவனுக்கு ஆறு வயது, மீன் வேண்டும் என்றான். சென்னையில் மீன் என்றால் கொளத்தூர். வரிசையாகக் கடைகள், பிளாஸ்டிக் பைகளில் ஊதிக் கட்டிய தண்ணீருக்குள் கோல்டு ஃபிஷ், கப்பி, ஏஞ்சல். தரைக்கு என்று கேட்டால் நீலத்திலும் ரோஸிலும் சாயம் ஏற்றிய கல்லைக் காட்டுவார்கள். மகன் நீலத்தைக் கேட்டான். நான் அயிரை வளர்க்கலாம் என்றேன். அவனுக்கு அயிரை என்றால் என்னவென்று தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். "கொழம்பு வைக்கிற மீனையா தொட்டில விடப் போற?" என்றார்.

மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அயிரையை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: விரல் நீளம்கூட இல்லாத, மணல் நிறத்தில், மணலைப் போலவே புள்ளி போட்ட மீன். வாயைச் சுற்றிக் குட்டி மீசைகள். கண்ணுக்குக் கீழே ஒளித்து வைத்த ஒரு முள். வலையில் எடுத்தால் மாட்டிக்கொள்ளும். ஆற்றிலும் கண்மாயிலும் வாய்க்காலிலும் தரையோடு தரையாக வாழும். பயந்தால் ஒரு நொடியில் மணலுக்குள் போய்விடும், கண் மட்டும் வெளியே தெரியும். மணலை வாயில் அள்ளி, சலித்து, இரையை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியாக விடும். இதனால்தான் நம் வீடுகளில் உயிர் அயிரையைக் கழுவும்போது பாலில் விடுவார்கள். பாலைக் குடித்து வயிற்றிலிருக்கும் மண்ணைக் கக்கிவிடும் என்பது அம்மாவின் விளக்கம். நான் சின்ன வயதில் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பாலுக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மண் படிவதைப் பார்த்திருக்கிறேன். அது எந்த ஆற்று மணல் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. ஒரே ஆறுதான் இருந்தது.

இந்த மீனின் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று வரும். வெப்பத்தைக் குறிக்கிற சொல். 1846-ல் பிரெஞ்சு மீனியலாளர் வாலென்சியென் பெயர் வைத்தபோது அவர் கையிலிருந்தது திருகோணமலைப் பக்கம் கன்னியா வெந்நீரூற்றில் பிடித்த மீன். சூடு தாங்கும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். இவ்வளவு தாங்குகிற மீனுக்கு மணல் மட்டும் இருந்தே ஆக வேண்டும். கூர்மையான கல்லில் விட்டால் மீசை தேய்ந்து, வயிறு கீறி, புண் வைத்துவிடும். வெறும் கண்ணாடித் தரையில் விட்டால் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒளிய இடமில்லாத மீன் சாப்பிடாது.

ஆக, தொட்டிக்கு முதலில் தேட வேண்டியது மீனை அல்ல, மணலை.

மணல் என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும் சலித்துப் பார்த்தால் பல சாதி. கட்டடக்காரர்களின் சல்லடையில் 4.75 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பது ஜல்லி, கீழே விழுவது மணல். அயிரைக்கு அந்த மணலிலும் பாதி ஆகாது. இரண்டு மில்லிமீட்டருக்கு மேலே போனால் அதன் வாய்க்குள் நுழையாது. அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாவு மாதிரி இறுகிவிடும், வால் பட்டாலே கலங்கும், பம்புக்குள் போய் அதைத் தின்னும். அரைக்கும் ஒன்றுக்கும் இடையில்தான் சரி.

எம்-சாண்டைப் பற்றி ஒரு நண்பர் சொன்னார். வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது, ஒரு வாளி கேட்டாலே கொடுப்பார்கள். அப்பா ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்து விரலை மூடி அழுத்தினார். குத்தியது. "இது ஒடைச்ச கல்லு. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும், கான்கிரீட்டுக்கு நல்லது. மீனுக்கு ஆகுமா?" பாறையைக் கிரஷரில் போட்டு உடைத்த மணலுக்கு விளிம்பு உண்டு. ஆற்று மணலை ஆறு பல காலம் உருட்டி விளிம்பை எடுத்திருக்கிறது. அந்த வேலையை எந்த மிஷினும் நமக்காக அவ்வளவு பொறுமையாகச் செய்வதில்லை.

கடற்கரை மணல் வேண்டாம். உப்பை அலசிவிடலாம், ஆனால் சிப்பித் தூளை எடுக்க முடியாது. அது கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே இருக்கும். சோதிப்பது எளிது: ஒரு ஸ்பூன் மணலில் வினிகரை ஊற்றுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சென்னை போர் தண்ணீருக்கு இன்னும் சுண்ணாம்பு தேவையில்லை. இன்னொரு சோதனை காந்தம். நம் கடற்கரைகளில் கறுப்பாகப் படிந்திருக்கும் கனமான மணலில் இரும்புத் தாது உண்டு. அது பில்டர் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

மிச்சம் ஆற்று மணல். விலைக்கு எடுக்கலாம். ஒரு மூட்டைதான், யாரும் கேட்கப் போவதில்லை. இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

காரணம் என் தாய்மாமா.

மாமாவுக்கு ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. 1959-ல் வைகை அணை வந்த பிறகு ஆற்றில் எப்போதும் தண்ணீர் ஓடுவதில்லை, சித்திரைத் திருவிழாவுக்குத் திறந்துவிட்டால் ஓடும், மழைக்கு ஓடும். ஓடாத மாதங்களிலும் மணலுக்குள் தண்ணீர் இருந்தது. பெண்கள் கையால் இரண்டடி தோண்டி ஊற்று எடுத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு குடத்தை நிரப்புவார்கள். அம்மாவோடு போய் நானும் மொண்டிருக்கிறேன். அந்தத் தண்ணீர்தான் மாமா கிணற்றுக்கும் கசிந்து வந்தது. லாரிகள் வந்த சில வருடங்களில் ஊற்று இரண்டடியிலிருந்து ஆறடிக்குப் போனது. அப்புறம் யாரும் தோண்டவில்லை. கிணற்றில் படிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

2001-ல் ஒருநாள் ஊர்க்காரர்கள் ஆற்றுப் பாதையில் உட்கார்ந்து லாரிகளை மறித்தார்கள். முன் வரிசையில் மாமா. முதல் லாரியில் அப்பா. இதை நான் பார்க்கவில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு முறையும் அம்மா ஒரே மாதிரிதான் சொல்வாள்: "உங்கப்பா எஞ்சின அமத்தல. உங்க மாமா எந்திரிக்கல." அரை மணி நேரம் அப்படியே போயிருக்கிறது. பிறகு யாரோ வந்து பேசி, லாரிகள் வேறு பாதையில் போயின. அடுத்த வருடம் என் சடங்குக்கு மாமா வரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமல் சடங்கு என்றால் எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அத்தை மட்டும் ஒரு பட்டுப் பாவாடையைக் கொடுத்தனுப்பினார். நாலு வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது மாமா வந்தார். பிறந்த வீட்டுக் கோடியைப் போட்டார், அழுதார், அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டார்.

2003-ல் ஆற்று மணல் எடுப்பதை அரசே ஏற்றுக்கொண்டது. அப்பாவின் லாரிக்கு முதலாளி மாறினார், மணல் அதே மணல். 2017-ல் மலேசியாவிலிருந்து கப்பலில் தூத்துக்குடிக்கு மணல் வந்த செய்தியைப் படித்துவிட்டு அப்பா ரொம்ப நேரம் பேப்பரை மடிக்காமல் வைத்திருந்தார். உலகம் ஆண்டுக்கு 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் எடுக்கிறது என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் திட்டம் 2022-ல் சொன்னது. அந்த எண்ணுக்கு முன்னால் என் 39 கிலோ ஒன்றுமில்லை, அப்பாவின் லோடுகளும்கூட ஒன்றுமில்லை. ஆனால் குடும்பத்தில் யாரும் கோடியில் சண்டை போடுவதில்லை. ஒரு கிணற்றுக்காகத்தான் போடுகிறோம்.

அயிரை கேட்டு மாமாவுக்கு போன் செய்தேன். "கொழம்புக்காத்தா?" என்றார். வளர்க்க என்றதும் சிரித்தார். கண்மாயில் இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது, பிடித்துத் தருகிறேன் என்றார். பேச்சுவாக்கில் மணலும் கொஞ்சம் வேண்டும், அதற்குப் பழகிய மணலாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"மணலா? இருந்தாத்தானத்தா தருவேன். களியும் பாறையுந்தான் கெடக்கு. அதுக்கு மேல சீமைக்கருவேலம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. இருப்பைச் சொன்னார்.

கடைசியில் வாங்கியது சிலிக்கா மணல். வீடுகளில் போர் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பில்டர் டேங்குக்குள் போடுவார்களே, அது. சல்லடை அளவு போட்டு மூட்டையில் விற்கிறார்கள். 16-க்கு 30 என்று கேட்டால் 0.6-லிருந்து 1.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். சுண்ணாம்பு கிடையாது, தண்ணீரின் குணத்தை மாற்றாது. முனை கொஞ்சம் இருக்கும், எம்-சாண்ட் அளவுக்கு இல்லை. கையை மூடி அழுத்திப் பார்த்து வாங்குங்கள். அதுவும் பூமியில் எங்கோ ஓர் இடத்தில் தோண்டியதுதான், வானத்திலிருந்து விழவில்லை. அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் யாருடைய கிணறு இருக்கிறதோ.

வாங்கும்போது அப்பா கூட வந்தார். கடையில் ஒரு குவியல் ஈரமாகக் கிடந்தது, அளந்து கொடுத்தால் விலை குறைவு. அப்பா தலையை ஆட்டிவிட்டார். "ஈர மணல அளந்து வாங்காத பாப்பா. காத்துக்குக் காசு குடுக்குற மாதிரி." இது கட்டட வேலையில் எல்லாரும் அறிந்த விஷயம். மணலில் லேசாக ஈரம் இருந்தால் தண்ணீர்ப் படலம் மணிகளைத் தள்ளி நிறுத்தும், கொள்ளளவு கால் பங்குகூட உப்பும். முழுக்க நனைந்துவிட்டால் மறுபடியும் பழைய அளவுக்கு இறங்கிவிடும். ஆகவே தொட்டிக்கு வாங்குகிறவர்கள் காய்ந்த மணலை, எடையில் வாங்குவது நல்லது. கழுவும்போது தூசியாகப் போவதற்குச் சேர்த்துப் பத்து சதவீதம் கூடுதலாக. நாங்கள் 45 கிலோ வாங்கினோம்.

தாங்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மணல், தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்த்து மூன்றடித் தொட்டி 220 கிலோவை நெருங்கும். டிவி மேஜையில் வைக்கிற சமாச்சாரம் இல்லை.

மணல் கழுவுவதை அப்பா எடுத்துக்கொண்டார். பால்கனியில் முக்காலி போட்டு, வாளியில் கால்வாசி மணல், ஹோஸ் பைப்பை அடியில் விட்டு, கையை விட்டுக் கிளறி, கலங்கலைச் சாய்த்து, மறுபடியும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மணலும் உப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தார். மேலே படிந்த வண்டல் தாள் கனம்தான் இருந்தது. "இதுல எட்டுக்கு மேல போனா சைட்ல லோட திருப்பி அனுப்பிருவாங்க" என்றார். நூற்றுக்கு எட்டு. லாரி ஓட்டினவருக்கு அதெல்லாம் தெரிய வேண்டிய அவசியமில்லை. தெரிந்துவைத்திருந்தார்.

ஒருநாள் மகன் கேட்டான், மணல் போட்டால் தண்ணீர் எவ்வளவு பிடிக்கும் என்று. ஒரு லிட்டர் ஜாடி நிறையக் காய்ந்த மணலைப் போட்டு, அளந்து தண்ணீர் ஊற்றச் சொன்னேன். ஜாடி ஏற்கெனவே நிறைந்துதானே இருக்கிறது என்பது அவன் வாதம். ஊற்றினான். போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் மேல்மட்டத்தில் மினுங்கியபோது 350 மில்லி உள்ளே போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. "எங்க போச்சு?" என்று ஜாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

அப்பா முக்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு கன அடி எத்தன லிட்டர்?" என்றார்.

"28.3."

"அப்ப முன்னூறு அடிக்கு?"

8,490. அதில் நூற்றுக்கு 35 என்றால் 2,970 லிட்டர். மூவாயிரம் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒரு லோடு மணல் ஆற்றில் இருந்தால் அதற்குள் மூவாயிரம் லிட்டர் தண்ணீர் இருக்க இடம் உண்டு. லோடு போனால் அந்த இடமும் போகும். அதன் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் நிற்க இடமில்லாமல் ஓடிவிடும்.

"ஒரு நாளைக்கு நாலு நடை அடிப்பேன்" என்றார் அப்பா.

பன்னிரண்டாயிரம். அதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு ஒவ்வொரு கோடையிலும் வருகிற தண்ணீர் லாரியின் வயிற்றில் அந்த எண்தான் எழுதியிருக்கிறது. 12,000 லிட்டர். அது வருகிற அன்று கேட்டைத் திறந்துவிடுவது அப்பாதான். டிரைவருக்கு ரிவர்ஸ் சொல்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. ஒரு நாளைக்கு ஒரு டேங்கர். எத்தனை வருடம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் பெருக்கவில்லை. அவர் வாளியைச் சாய்த்தார். கடைசித் தண்ணீர் தெளிவாகவே வந்தது. ஆனாலும் இன்னொரு முறை கழுவினார்.

அப்பாவை இதற்காக நான் என்ன செய்வது? அந்த மணல்தான் என்னை இந்தக் கணக்கைப் போடும் அளவுக்குப் படிக்கவைத்தது. அவர் ஆற்றை வெறுத்தவர் இல்லை. ஆற்றில் குளித்து வளர்ந்தவர், ஏழாம் வகுப்போடு நின்றவர், கிடைத்த வண்டியை ஓட்டியவர். மாமாவும் பொய் சொல்லவில்லை. கிணறு வற்றியது. இரண்டும் உண்மையாக இருக்கும்போது ஒரு பிள்ளை எந்தப் பக்கம் உட்காரும் என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால், ஜாடிக்குப் பக்கத்தில் என்று சொல்வேன்.

மாமா ஒரு பிளாஸ்டிக் கேனில் மூடியில் ஓட்டை போட்டு, தெரிந்த பையன் மூலமாகக் காலை ரயிலில் பன்னிரண்டு அயிரை அனுப்பினார். பன்னிரண்டும் உயிரோடு வந்தன. கேன் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணி நேரம் பொறுத்து விட்டோம். தரையைத் தொட்டதும் ஒரு சிலிர்ப்பு, ஒரு தூசி, அவ்வளவுதான். தொட்டி காலியாக இருந்தது. மகன் அழப் போனான். அப்பா அவனைத் தூக்கிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து, "கண்ண மட்டும் தேடு" என்றார்.

ஆறு மாதமாகிவிட்டது. மணல் நன்றாக இருக்கிறது. எட்டு சென்டிமீட்டருக்கு மேலே போட்டால் அடியில் காற்றுப் போகாமல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வரும் என்பார்கள். எங்கள் ஆறு சென்டிமீட்டரை மீன்களே ராத்திரி முழுக்கக் கிளறிவிடுகின்றன. வாரம் ஒருமுறை மேலாக அழுக்கை உறிஞ்சினால் போதும், மணலைத் தோண்ட வேண்டாம். அதில் குடியேறிய பாக்டீரியாக்கள்தான் தண்ணீரைச் சுத்தமாக வைக்கின்றன.

சிரமம் ஒன்றே ஒன்று, எண்ண முடியாது. பன்னிரண்டையும் ஒரே நேரத்தில் வெளியே நாங்கள் பார்த்ததே இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளில் அப்பா ஹால் விளக்கைப் போடாமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து எண்ணுகிறார். அதிகபட்சம் பதினொன்று வரை போயிருக்கிறார்.

போன வாரம் மாமா போனில் கேட்டார், எத்தனை மிச்சம் என்று. பதினொன்றைத்தான் பார்த்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

பின்னாலிருந்து அப்பா, சத்தமாகவே, "பன்னெண்டும் இருக்குன்னு சொல்லு பாப்பா. மணலுக்குள்ள இருக்கு" என்றார்.

மாமாவுக்குக் கேட்டிருக்கும். "சரி" என்றார்.